திகதி முடியாத ரின்மீனை ஏன் எடுத்துச் செல்கிறார்கள்?

ஒரு களஞ்சியத்தில் பழுதான ரின்மீன் பெட்டி பெட்டியாகப் பிடிபட்டது என்று செய்தி வந்தால், வன்னிச் சந்தைகளில் மூன்று கேள்விகள் உடனே எழும். திகதி இன்னும் இருக்கிறதே, பிறகென்ன பழுது? கொதிக்கக் கொதிக்கக் கறி வைத்தால் கிருமி செத்துப் போகும்தானே? கொழும்பிலிருந்து கொண்டுவந்து இறக்கினவனை விட்டுவிட்டு ஏன் கடைக்காரனில் கை வைக்கிறார்கள்?

மூன்றும் நியாயமான கேள்விகள். அவற்றுக்கான விடை சட்டப் புத்தகத்தைவிட ரின்னுக்குள்தான் கூடுதலாக இருக்கிறது. அதனால் ரின்னிலிருந்தே தொடங்கலாம்.

ரின்னுக்குள் என்ன நடக்கிறது

ரின்மீன் கெடாமல் இருப்பதற்கு மருந்து காரணமில்லை. சூடும் அடைப்பும்தான் காரணம். வெட்டிக் கழுவிய மீனை ரின்னில் அடுக்கி, உப்புநீரோ எண்ணெயோ தக்காளிச் சாறோ விட்டு, உள்ளே இருக்கும் காற்றை நீராவியால் வெளியேற்றி மூடியைப் பொருத்துவார்கள். மூடியின் ஓரமும் உடலின் ஓரமும் ஒன்றுக்குள் ஒன்று கொளுவி இரட்டையாக மடியும். அந்த மடிப்புக்குள் இறப்பர் போன்ற ஒரு பூச்சு இருக்கும். பிறகு பெரிய அழுத்தக் கொதிகலனில் வைத்து 121 பாகை செல்சியஸ் அளவில் வேக வைப்பார்கள். ரின்மீனின் முள் விரலால் நசித்தால் மாவாகப் போவது இதனால்தான். முள் கல்லுப்போல இருந்தால் சூடு போதாமல் போயிருக்கலாம் என்று சந்தேகப்பட இடமுண்டு.

கொதிநீரின் 100 பாகை போதாதா? போதாது. மீன் புளிப்பில்லாத உணவு. காற்றில்லாத, புளிப்பில்லாத இடத்தில் வளரும் குளொஸ்ரிடியம் பொட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் கொதிநீரிலும் தப்பிவிடும். அவற்றை அழிக்க, ரின்னின் நடுப்பகுதி 121 பாகையில் குறைந்தது 3 நிமிடம் நிற்பதற்குச் சமமான சூட்டைப் பெறவேண்டும். நடுவுக்குச் சூடு போய்ச் சேர நேரம் எடுப்பதால், முழு வேலைக்கும் ஒரு மணித்தியாலம் வரையிலோ அதற்கு மேலோ செல்லும்.

வெந்து ஆறியதும் உள்ளே இருந்த நீராவி நீராகி வெற்றிடம் உண்டாகும். அது இரண்டு மூடிகளையும் உள்ளே இழுத்து வைத்திருக்கும். நல்ல ரின்னின் மூடி சற்றே குழிந்திருக்கக் காரணம் இதுதான். திறக்கும்போது காற்று உள்ளே இழுபடும்.

முதல் கேள்விக்கான விடை இங்கேயே இருக்கிறது. காலாவதித் திகதி என்பது அடைப்பு உடையாமல், சரியான சூட்டில் வெந்து, சரியான இடத்தில் வைக்கப்பட்ட ரின்னுக்குக் கொடுத்த தவணை. மடிப்பில் மயிரிழை இடைவெளி வந்த நாளோடு அந்தத் தவணை முடிந்தது. 2 வருடம் பாக்கி இருந்தாலும் ஒன்றுதான், 2 நாள் பாக்கி இருந்தாலும் ஒன்றுதான்.

பெருவிரலால் ஒரு சோதனை

ஒரு பி.எச்.ஐ., அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், கடைக்குள் வந்ததும் ரின்னைத் திறப்பதில்லை. வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், கீழ்மூடியையும் மேல்மூடியையும் பெருவிரலால் அமத்திப் பார்ப்பார். இதையே வாங்குபவரும் செய்யலாம்.

1. இரண்டு மூடியும் உள்நோக்கிக் குழிந்து, அமத்தினால் அசையாமல் இருந்தால் வெற்றிடம் இருக்கிறது.
2. மூடி தட்டையாக இருக்கிறது, மேசையில் ஒருமுறை தட்டினால் ஒருபக்கம் வெளியே தள்ளுகிறது, அமத்தினால் திரும்பிப் போகிறது என்றால் வெற்றிடம் குறைந்துவிட்டது.
3. ஒரு பக்கத்தை அமத்த மறுபக்கம் 'டொக்' என்று எழும்பினால் உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது.
4. இரண்டு பக்கமும் உப்பி, அமத்த அமத்த இறுகி நின்றால் அது வெடிக்கக்கூடிய நிலை. அதைக் குலுக்கவோ ஆணியால் குத்தவோ கூடாது.

2 முதல் 4 வரை எதுவும் விற்கக் கூடாது. 'இது வெறும் வெயிலுக்கு உப்பினது, ஆறினால் இறங்கும்' என்று சில கடைகளில் சொல்வதுண்டு. மட்டுமீறி நிரப்பிய ரின் சூட்டில் எழும்பி, ஆறியதும் இறங்குவது உண்மைதான். ஆனால் வெயிலின் உப்பலையும் கிருமியின் உப்பலையும் வெளியிலிருந்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் அந்த வாதம் எடுபடாது.

நசிவிலும் கறளிலும் இவ்வளவு கண்டிப்பு இல்லை. உடலில் விரல் வழுக்கிப் போகும் மேலோட்டமான பள்ளம் பெரிய பிரச்சினை அல்ல. அதே பள்ளம் மூடியின் மடிப்பிலோ பக்கத்து ஒட்டிலோ விழுந்தால், அல்லது கூரான மூலையோடு இருந்தால், கழித்துவிட வேண்டும். கறளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். போய்விட்டால் மேற்கறள். துடைத்த பிறகும் குழி தெரிந்தால் தகரம் அரிபட்டிருக்கிறது.

யாருடைய பிழை?

பழுதின் வேர் எங்கே என்பதை, பழுதான ரின்கள் பரந்திருக்கும் விதமே பெரும்பாலும் சொல்லிவிடும். செய்திகளில் இந்தப் பகுதி வருவதேயில்லை.

ஒரே தொகுதி இலக்கம், பல கடைகள். மாங்குளத்திலும் பரந்தனிலும் மன்னாரிலும் ஒரே இலக்கத்து ரின்கள் உப்பியிருந்தால் தொழிற்சாலையில் சூடு குறைந்திருக்கிறது, அல்லது மடிப்பு இயந்திரம் பிசகியிருக்கிறது. இந்த நிலையில் ஒரு கடையை மூடிப் பயனில்லை. அந்தத் தொகுதி முழுவதையும் நாடெங்கும் திருப்பி எடுக்க வேண்டும்.

ஒரே கடை, பல இலக்கங்கள், பல வர்த்தகப் பெயர்கள். இது களஞ்சியத்தின் பிழை. 121 பாகையிலும் சாகாத சில வித்துகள் உண்டு. அவை 40 பாகைக்கு மேல் மட்டுமே நன்றாக வளர்பவை. சாதாரண சூட்டில் உறங்கிக் கிடக்கும் என்பதால் தொழிற்சாலைகள் அவற்றைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் சித்திரை, வைகாசியில் தகரக் கூரைக்குக் கீழே, கூரையைத் தொடும் உயரத்தில் அடுக்கிய மேல்பெட்டிக்குள் இருப்பது சாதாரண சூடு அல்ல. உறங்கினவை அங்கே எழும்பும். மீனைப் புளிக்க வைக்கும், வாயுவை ஊதும். தக்காளிச் சாறு விட்ட ரின்னில் இன்னொரு வேலையும் நடக்கும்: சாற்றின் அமிலம் உட்பூச்சு கீறுபட்ட இடத்தில் தகரத்தைத் தின்று ஐதரசன் வாயுவை உண்டாக்கும். சூடு கூடக்கூட இது விரைவாகும்.

ஒரு பெட்டியில் ஒன்றிரண்டு மட்டும். இது பெரும்பாலும் ஏற்றி இறக்கும்போது மடிப்பில் விழுந்த அடி. ஆனால் கதை ஒன்றிரண்டோடு நிற்காது. கசிந்த ரின்னின் உப்புச்சாறு பெட்டியை நனைக்கும், பக்கத்து ரின்களைக் கறள் பிடிக்க வைக்கும், அவை பின்னர் தாமும் கசியும். 'ரெண்டு ரின்னுக்காக முழுப் பெட்டியையும் அள்ளிப் போட்டார்கள்' என்ற முறைப்பாட்டுக்கு இதுதான் விளக்கம்.

மடிப்பின் கசிவு சின்ன விடயமல்ல. 1964இல் ஸ்கொட்லாந்தின் அபர்டீன் நகரில் 400க்கு மேற்பட்டோருக்கு நெருப்புக்காய்ச்சல் வந்தது. ஆர்ஜென்ரீனாவில் அடைத்த மாட்டிறைச்சி ரின்களை வெந்த பிறகு சுத்திகரிக்காத ஆற்றுநீரில் ஆற வைத்திருந்தார்கள். சூட்டோடு இருக்கும் மடிப்பு இளகி இருக்கும். ஆறும்போது உள்ளே பிறக்கும் வெற்றிடம் வெளிநீரை ஒரு துளி இழுத்தாலே போதும். 1978இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஒரேயொரு சால்மன் ரின்னைப் பகிர்ந்து உண்ட 4 பேருக்கு பொட்டுலினம் நஞ்சேறி 2 பேர் இறந்தனர்.

கொதிக்க வைத்தால் சரியாகுமா?

பொட்டுலினத்தின் நஞ்சு சூட்டுக்குப் பலவீனமானது. 10 நிமிடம் நன்றாகக் கொதித்தால் அழியும். ஆனால் எங்கள் வீடுகளில் ரின்மீனை யார் 10 நிமிடம் கொதிக்க விடுகிறார்கள்? ஏற்கெனவே அவிந்த மீன், கரைந்துவிடும் என்று இறக்கும் நேரத்தில்தான் குழம்பில் போடுவார்கள். வெங்காயம், பச்சைமிளகாய் வெட்டிப் போட்டு, தேசிக்காய்ப்புளி விட்டு அப்படியே பிசைந்து பாணோடு தின்பவர்களும் உண்டு.

கொதித்தாலும் அழியாத நஞ்சுகள் வேறு இருக்கின்றன. முக்கியமானது ஹிஸ்டமின். சூரை, கும்பளா, சாளை போன்ற மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் என்ற புரதக்கூறு நிறைய உண்டு. பிடித்த மீன் ஐஸ் இல்லாமல் சில மணிநேரம் கிடந்தால் கிருமிகள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். 121 பாகைச் சூடு கிருமியைக் கொல்லும், ஹிஸ்டமினை ஒன்றும் செய்யாது. அதாவது மீன் ரின்னுக்குள் போகும் முன்பே பழுது. மூடி குழிந்திருக்கும், மணமும் பெரிதாக மாறாது. தின்ற சில நிமிடத்திலிருந்து இரண்டொரு மணித்தியாலத்துக்குள் முகம் சிவந்து, தலையிடித்து, உடம்பு கடித்து, நெஞ்சு படபடக்கும். நாக்கில் மிளகு பட்டதுபோல எரிவும் வரலாம். சர்வதேச உணவு நியமமான கோடெக்ஸ், ரின்மீனில் கிலோவுக்கு 200 மில்லிகிராம் ஹிஸ்டமினைச் சுகாதார எல்லையாக வைத்திருக்கிறது. கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டினாலே அது பழுதான மீனின் அடையாளம். இதை ஆய்வுகூடத்தில் மட்டுமே அறியலாம். பார்வைக்கு எந்தக் குறையும் இல்லாத ரின்கள் அறிக்கை வரும்வரை சீல் வைக்கப்பட்டுக் கிடக்க இதுவும் ஒரு காரணம்.

பொட்டுலினத்தின் அடையாளங்கள் வேறு: பெரும்பாலும் 12 முதல் 36 மணித்தியாலத்துக்குள் பார்வை இரட்டையாகும், இமை தொங்கும், நாக்குக் குழறும், விழுங்க முடியாமல் போகும், தளர்ச்சி மேலிருந்து கீழே இறங்கும். காய்ச்சல் இராது. மூச்சுத் தசைக்கு வருவதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். 1990 அம்புலன்ஸை அழையுங்கள், வெற்று ரின்னையும் மூடியையும் கையோடு கொண்டுபோங்கள்.

பயப்படத் தேவையில்லாதவை இரண்டையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் முறைப்பாடு வருவது பெரும்பாலும் இவற்றைப் பற்றித்தான். மீனுக்குள் கண்ணாடித் துண்டுபோலக் கிடக்கும் பளிங்குகள் பெரும்பாலும் கண்ணாடியே அல்ல. மீனிலுள்ள மக்னீசியமும் பொசுபேற்றும் அமோனியாவும் சேர்ந்து படிந்தவை. சூடான வினாகிரியிலோ தேசிக்காய்ச் சாற்றிலோ போட்டு வைத்தால் மெல்லக் கரையும். கண்ணாடி கரையாது. அதேபோல ரின்னின் உட்சுவரில் தெரியும் கருமை, மீன் புரதத்தின் கந்தகம் தகரத்தில் பட்டதால் வருவது. பார்க்க அருவருப்பு, வேறொன்றுமில்லை.

சட்டம் எங்கே கை வைக்கிறது

அடிப்படை, 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம். 1991இலும் 2011இலும் திருத்தப்பட்டது. சுகாதார சேவைகள் பணிப்பாளர் நாயகம்தான் இதன் பிரதான உணவு அதிகாரி. ஊர் மட்டத்தில் சுகாதார வைத்திய அதிகாரியும் பி.எச்.ஐ.மாரும் அதிகாரமளிக்கப்பட்ட அலுவலர்களாக இயங்குகிறார்கள். மனித நுகர்வுக்கு ஒவ்வாத உணவை இறக்குமதி செய்வதும், தயாரிப்பதும், விற்பதும், விநியோகிப்பதும் குற்றம். காசு கைமாறினால்தான் விற்பனை என்பதில்லை. விற்பதற்காகத் தட்டில் வைத்திருப்பதும் களஞ்சியத்தில் வைத்திருப்பதும் அதில் அடங்கும். 'நான் இன்னும் விற்கவில்லையே' என்பது பதிலாகாது.

இதோடு சேர்ந்து வேறு கைகளும் உண்டு. ரின்மீனுக்கென எஸ்.எல்.எஸ். 591 என்ற இலங்கைத் தரநிர்ணயம் இருக்கிறது. இறக்குமதியாகும் ரின்கள் துறைமுகத்தில் அதற்கேற்பச் சோதிக்கப்படும். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் விலை, திகதி, சுட்டுத்துண்டு மோசடிகளைப் பார்க்கிறது. அதன் முறைப்பாட்டு இலக்கம் 1977. திகதியை அழித்து மாற்றி அடித்த ரின் என்றால் இரு தரப்புக்கும் வேலை வரும். தாள் சுட்டுத்துண்டில் உள்ள திகதியை மூடியில் பொறித்த அல்லது மையால் அடித்த குறியோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்து வராவிட்டால், அல்லது மூடியின் ஒரு பகுதி மட்டும் தின்னரால் துடைத்ததுபோல மினுங்கினால், வாங்காதீர்கள்.

எடுத்துச் செல்லும் நாளில்

1. அலுவலர் தன் அடையாளத்தைக் காட்டி உள்ளே வருவார். விற்பனைத் தட்டு, களஞ்சியம், பின்பக்கத்தில் 'திருப்பி அனுப்ப' என்று ஒதுக்கிய பெட்டிகள் எல்லாம் பார்க்கப்படும்.
2. ரின்கள் தொகுதி இலக்கப்படி பிரிக்கப்படும். உப்பியவை, கசிந்தவை, கறள் அரித்தவை, திகதி முடிந்தவை, திகதியே இல்லாதவை என்று எண்ணிக்கை எழுதப்படும்.
3. ஆய்வுக்கு மாதிரி எடுத்தால் அது கடைக்காரர் முன்னிலையில் முத்திரையிடப்படும். ரின்னைத் திறந்து பங்கு போட்டால் கிருமிச் சோதனை பாழாகிவிடும். ஆகவே ஒரே இலக்கத்தில் திறக்காத பல ரின்கள் தேவைப்படும். பகுப்பாய்வு அரச பகுப்பாய்வாளர் போன்ற அங்கீகரிக்கப்பட்ட ஆய்வாளரிடம் போகும்.
4. மீதி, சீல் வைத்து அங்கேயே விடப்படும் அல்லது எடுத்துச் செல்லப்படும். சீலை உடைத்து ஒரு ரின்னை நகர்த்தினாலும் அது தனிக் குற்றம்.
5. நீதவான் நீதிமன்றத்தில் வழக்கு. தண்டம், சிறை, பொருளை அழிக்கும் கட்டளை எல்லாம் அங்கேதான் தீர்மானமாகும். பி.எச்.ஐ. தானாகத் தண்டம் அறவிட முடியாது. 'இங்கேயே முடித்துவிடலாம்' என்று யாராவது காசு கேட்டால் அது பி.எச்.ஐ.யின் அதிகாரத்தில் வருவதல்ல.

பில் எங்கே?

மூன்றாவது கேள்விக்கு வருவோம். கடைக்காரர்தான் அகப்படுகிறார் என்பது பெருமளவில் உண்மை. நெடுங்கேணியிலோ துணுக்காயிலோ உள்ள சின்னக் கடைக்குப் பொருள் எப்படி வருகிறது? ஏ-9 வழியே வவுனியா மொத்தக் கடைக்கு வந்து, அங்கிருந்து படங்கு மூடிய வாகனத்தில் கிராமத்துக்கு. கொண்டுவருபவர் ஒரு துண்டுத்தாளில் 'மீன் 2 பெட்டி' என்று தொகையை மட்டும் எழுதிக் கொடுப்பார். வர்த்தகப் பெயர் இல்லை, தொகுதி இலக்கம் இல்லை, சில வேளை திகதியும் இல்லை. அந்தத் தாளை வைத்து எந்த அலுவலராலும் மேலே ஏற முடியாது. சங்கிலி கடைக்காரரோடு அறுந்துவிடும்.

பெயர், முகவரி, தொகுதி இலக்கம் எழுதிய பில் கையில் இருந்தால் நிலைமை மாறும். அலுவலர் மொத்த வியாபாரியிடமும் இறக்குமதியாளரிடமும் போகலாம். கடைக்காரரும் 'அடைத்து வந்தபடியே விற்றேன், பழுது எனக்குத் தெரிய வழியில்லை' என்று மன்றில் சொல்லலாம். ஹிஸ்டமின் போன்ற வெளியே தெரியாத பழுதுக்கு இந்த வாதம் பொருந்தும். மூடி உப்பி நிற்கும் ரின்னுக்குப் பொருந்தாது, கண்ணுக்குத் தெரிந்த ஒன்றைத் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது?

திருப்பி அனுப்ப வைத்த பெட்டிதான் பலரை மாட்டிவிடும் இடம். விநியோக வாகனம் அடுத்த மாதம் வந்து மாற்றித் தரும் என்று உப்பிய ரின்களை விற்கும் ரின்களுக்குப் பக்கத்திலேயே வைத்திருப்பார்கள். நோக்கம் நல்லதாக இருக்கலாம், ஆனால் பார்ப்பவருக்கு அது விற்பனைக்கு வைத்த சரக்கு. தனி மூலையில், மூடிய பெட்டியில், 'விற்பனைக்கு அல்ல' என்று கொட்டை எழுத்தில் எழுதி, எண்ணிக்கையையும் திகதியையும் ஒரு கொப்பியில் பதிந்து வையுங்கள்.

வெள்ளத்தில் நனைந்த ரின்கள்

வன்னிக்கு இது தனிப் பிரச்சினை. 2018 டிசெம்பரில் முல்லைத்தீவும் கிளிநொச்சியும் மூழ்கியபோது கடைகளுக்குள்ளும் வீடுகளுக்குள்ளும் வெள்ளம் புகுந்தது. வாடைக்காற்றுக் காலத்தில் முல்லைத்தீவுக் கடல் குமுறும், மீன் வரத்து விழும், ரின்மீன் விற்பனையும் நிவாரணப் பொதிகளும் கூடுவது அதே மாதங்களில்தான்.

வெள்ளநீர் பட்ட ரின் வீட்டில் இருந்தால், நசிவோ கறளோ உப்பலோ இல்லாதவற்றைக் காப்பாற்றலாம். தாளை உரித்துவிடுங்கள், அதற்குள் சேறு தங்கும். சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். பின்னர் தண்ணீரில் அமிழ்த்திக் கொதி வந்த பிறகு 2 நிமிடம் விடுங்கள். அல்லது 4 லீற்றர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி துணி வெளுக்கும் குளோரின் திரவம் கலந்து 15 நிமிடம் ஊறப் போடுங்கள். காய்ந்ததும் பெயரையும் திகதியையும் மார்க்கர் பேனாவால் எழுதி, முதலில் அவற்றைச் சமைத்து முடியுங்கள். கடைக்கு இந்தச் சலுகை இல்லை. தாள் உரிந்த ரின்னில் தயாரித்தவர் பெயரோ திகதியோ இல்லாததால் அதை விற்க முடியாது. நட்டஈட்டுக்காகப் படம் எடுத்து, எண்ணி, கிராம அலுவலரிடமும் பி.எச்.ஐ.யிடமும் அறிவித்துக் கழித்துவிட வேண்டும்.

அழிக்கும் முறை

நீதிமன்றக் கட்டளையோ உரிமையாளரின் எழுத்துமூலச் சம்மதமோ கிடைத்த பிறகுதான் அழிப்பு. மூடிய ரின்னை எரிக்கக் கூடாது, வெடித்துத் தெறிக்கும். அப்படியே புதைத்தாலும் பிழை: மறுநாள் யாராவது கிண்டி எடுப்பார்கள், கழுவிய ரின் இன்னொரு சந்தையில் தலைகாட்டும். கிணற்றிலிருந்தும் குளக்கட்டிலிருந்தும் விலகிய இடத்தில் ஆழமாகக் குழி வெட்டி, பெட்டியிலிருந்து எடுத்துப் பரப்பி, உழவு இயந்திரத்தையோ கனரக வாகனத்தையோ ஏற்றி நசுக்கி, மேலே சுண்ணாம்பும் பினைலும் ஊற்றி மண் மூடுவார்கள். பினைல் நாற்றம் மனிதருக்கு மட்டுமல்ல, நாய்க்கும் காட்டுப்பன்றிக்கும் சேர்த்துத்தான். நசுக்கும்போது உப்பிய ரின்கள் சாறு பீச்சும் என்பதால் காற்று வீசும் பக்கம் யாரும் நிற்பதில்லை. குழி மூடுவதற்கு முன் எண்ணிக்கை மீண்டும் சரிபார்க்கப்படும். எடுத்த அன்று எழுதிய தொகையில் ஒரு ரின் குறைந்தாலும் அதற்குக் கணக்குச் சொல்லவேண்டும்.